தாத்தா வீட்டை இடிக்க வேண்டாம், கீதா

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள கீதா,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாள் ஆகிறது. நீ கேட்டது உன் தாத்தா வீட்டை இடித்துக் கட்ட எஸ்டிமேட், அதை வீட்டைப் பார்க்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி அண்ணனையும் கூட்டிக்கொண்டு ஏற்காட்டு மலையில் நாகலூர் போய்விட்டு வந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சந்தோஷ விஷயம். உங்கள் கம்பெனியில் பசுமைக் கட்டுமானப் பிரிவுக்கு உன்னைத் தலைமையாகப் போட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் அம்மாவிடம்தான் முதலில் ஓடிப்போய்ச் சொன்னேன். பாலிடெக்னிக்கில் உச்சிவெயிலில் சர்வே செயினைப் பிடித்துக்கொண்டு நின்ற நம் இரண்டு பேரில் ஒருத்தி, இன்றைக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியேறப் போகும் கட்டடங்களுக்கு எந்தக் கல், எந்தச் சிமெண்ட் என்று தீர்மானிக்கிற இடத்தில் இருக்கிறாள். அம்மா உடனே, "அவள் வந்தால் தட்டுவடை செட் வாங்கிக் கொடு" என்றார். அவருக்கு நீ இன்னமும் அந்தப் பாவாடை தாவணிக் கீதாதான்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். இடித்துவிட்டு 4,000 சதுர அடியில் நாலு காட்டேஜ் கட்டி வாடகைக்கு விடலாம், சுவரெல்லாம் ஓதம் ஏறிவிட்டது, இனி அது தேறாது என்று எழுதியிருந்தாய். நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன், இரண்டு மூன்று இடங்களில் பூச்சைக் கொத்தியும் பார்த்தேன். உள்ளே கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும், ஒன்றரை அடி கனம். அந்தச் சுவருக்கு ஒரு நோயும் இல்லை, கீதா. உன் சித்தப்பா பல வருடங்களுக்கு முன்னால் வெளியிலும் உள்ளேயும் சிமெண்ட் பூசினார் இல்லையா, அதுதான் வினை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்தாலும் வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரத்துக்குப் போக வழியில்லை, உள்ளேயே நின்று பூச்சைத் தள்ளுகிறது. வீட்டுக்குப் பின்னால் மேட்டுப் பக்கம் இருந்த வாய்க்கால் மண் மூடிக் கிடக்கிறது, மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் முழுவதும் நேராகக் கடைக்காலுக்கு வருகிறது. வாய்க்காலைத் தோண்டி ஜல்லி நிரப்பி, சிமெண்ட் பூச்சை உரித்து, சுண்ணாம்பு பூசினால் இரண்டு கோடையில் சுவர் காய்ந்துவிடும். கூரையில் மூன்று சட்டத்தைக் கரையான் தின்றிருக்கிறது, ஓடு ஒரு நானூறு மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஓமலூர்ப் பக்கம் ஒரு வயதான கொத்தனார் இருக்கிறார், கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர். அவரிடம் பேசிவிட்டேன், வருகிறேன் என்கிறார், கூடவே இரண்டு பையன்களுக்குச் சொல்லித் தரவும் சம்மதம்.

இப்போது நீ கேட்ட புதுக் கட்டடத்தின் கணக்கு. வழக்கமான கான்கிரீட் கட்டடத்துக்குச் சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட், 4 கிலோ கம்பி என்று நாம் போடுவது உனக்குத் தெரியும். 4,000 சதுர அடிக்கு 1,600 மூட்டை, அதாவது 80 டன் சிமெண்ட், 16 டன் கம்பி. வேறு எதுவும் கலக்காத சாதா சிமெண்ட், அதாவது ஓபிசி, ஒரு டன் செய்ய 0.8 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு போகிறது, கம்பிக்கு டன்னுக்கு 2 டன்னுக்கு மேல். கூட்டினால் கிட்டத்தட்ட 100 டன். ஒரு ஏசி ஓடுவதற்கு முன்பே, ஒரு விருந்தாளி வந்து தங்குவதற்கு முன்பே போய்விடுகிற கணக்கு இது. அத்தனை பொருளும் லாரியில் 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். இடித்த கல்லும் மண்ணும் திரும்ப இறங்க வேண்டும், அல்லது யாருக்கும் தெரியாமல் ஏதாவது ஓடையில் விழும், அதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்று. நாலு காட்டேஜுக்கு உங்கள் இடத்தில் சரிவை இரண்டு படியாக ஜேசிபி வைத்து வெட்ட வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதை சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். நான் அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்து மேலே போனேன். மரமும் வேரும் இருந்த சரிவு பெரும்பாலும் அப்படியே நின்றிருந்தது, செங்குத்தாக வெட்டிய இடங்கள்தான் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையமான ஹாக்காவின் எல்லைக்குள் வருவதால் தனி அனுமதி வேண்டும் என்பது இருக்கட்டும், அனுமதி கிடைத்தாலும் அந்த மண்ணை வெட்ட நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே. உன் புது வேலையைப் பற்றி நீ கேட்ட கேள்விக்கும் இதுதான் என் பதில் என்பதால் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். உலகத்தில் எரிசக்தியால் வெளியேறுகிற கார்பனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கட்டடத்தாலும் கட்டுமானத்தாலும் வருகிறது என்பதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏன் மாறவில்லை? பணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் பயம்தான் முதல் காரணம். நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்கிற பயம்.

அம்மாபேட்டையில் நான் கட்டிய அந்த வீடு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மேட்டூர் அனல் மின் நிலையச் சாம்பல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது ஏரி மண்ணைத் தோண்டி விறகு போட்டுச் சுட்ட கல் எதற்கு என்று ஓனரை ஒரு மாதம் பேசிச் சம்மதிக்க வைத்து, ஃபிளை ஆஷ் கல்லில் கட்டினேன். செய்த கல் 28 நாள் நனைந்து இறுகி முடிவதற்குள் அவசரத்தில் இறக்கிவிட்டேன், பூச்சுக் கலவையிலும் நல்லது என்று நினைத்துச் சிமெண்ட் அதிகமாகப் போட்டேன். ஆறே மாதத்தில் பூச்சு முழுக்க முடி போல மெல்லிய வெடிப்பு. தெருவே வந்து பார்த்தது. சாம்பல் கல் வெடிக்கும் என்ற பேச்சு அந்தப் பக்கம் வருடக்கணக்கில் ஓடியது. நான் என் சொந்தச் செலவில் பூச்சை உரித்து, வலை அடித்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்ற கலவையில் திரும்பப் பூசிக் கொடுத்தேன். நகையில் ஒன்று அடகுக்குப் போனது. ஆனால் அதே ஓனர்தான் இரண்டு வருடம் கழித்துத் தம்பி வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார், அதே கல்லில் கட்டச் சொன்னார். அவர் நம்பியது கல்லை இல்லை, உரித்துக் கொடுக்க ஓர் ஆள் வந்ததை. அதற்குப் பிறகு ஒவ்வொரு லோடிலும் கல்லை எடுத்து எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் முக்கி, திரும்ப எடை போடுகிறேன். 20 சதவீதத்துக்கு மேல் குடித்தால் லோடு திரும்பிப் போகும்.

அதனால்தான் தலைமை என்ற சொல்லை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: புதுப் பொருளைச் சிபாரிசு செய்கிறவள் அதற்கு ஜாமீனும் நிற்க வேண்டும். வீடு விற்பனையை ஒழுங்குபடுத்துகிற ரெரா சட்டப்படி, வீட்டை ஒப்படைத்து 5 வருடத்துக்குள் கட்டமைப்பில் குறை வந்தால் பில்டர்தான் சரிசெய்ய வேண்டும், அது நல்ல சட்டம். ஆனால் அந்த பயத்தில் உங்கள் ஸ்ட்ரக்சுரல் ஆட்கள் தேவைக்கு மேல் கம்பி போடுகிறார்களா என்று பார். அதிகம் போட்டதற்காக யாரும் யாரையும் கேள்வி கேட்டதில்லை. நீ கேள். அடித்தள வரைபடம் வருகிற அன்றே, சதுர அடிக்கு எத்தனை கிலோ சிமெண்ட், எத்தனை கிலோ கம்பி என்று எழுதி வாங்கு. கட்டி முடித்து வாசலில் பசுமைப் பலகை மாட்டுகிற நாளில் உன்னால் ஒன்றும் மாற்ற முடியாது. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், எத்தனையோ வீடுகளில் நிலத்தடி நீர் உயர்ந்தது, அதே நேரம் எத்தனையோ வீடுகளில் சுவரில் பைப் மட்டும் இருக்கிறது, கீழே குழி இல்லை. சான்றிதழுக்காகச் செய்தால் அப்படித்தான் ஆகும்.

சம்பளத்தையும் கவனி. கட்டடச் செலவில் இத்தனை சதவீதம் என்று எனக்குக் கூலி இருந்தவரை, பொருளைக் குறைக்கக் குறைக்க என் வருமானமும் குறைந்தது. மூன்று வருடமாக ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி வாங்குகிறேன். மனசு லேசாக இருக்கிறது, கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுகிற எலிப்பொறிக் கட்டில் சுவர் எழுப்பி நாலில் ஒரு பங்கு கல்லை மிச்சம் பிடித்தபோது முழு மனசோடு சந்தோஷப்பட முடிந்தது. உங்களிடம் இதே கோளாறு வேறு விதமாக இருக்கும். சுவருக்குப் பணம் போடுவது பில்டர், அந்தச் சுவர் கொதிப்பதற்குக் கரண்ட் பில் கட்டுவது வாங்கியவர். மேற்குப் பக்கம் சன்ஷேடு கூட இல்லாமல் கண்ணாடி வைத்துவிட்டு ஏசி பாயிண்ட் கொடுப்பது பில்டருக்கு மலிவு. 2018இல் வந்த எகோ நிவாஸ் சம்ஹிதா, அதாவது வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்தி விதித்தொகுப்பு, சுவர் வழியாக எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம் என்று அளவு சொல்கிறது. விற்பனை பிரசுரத்தில் நீச்சல் குளப் படத்துக்குப் பக்கத்தில் அந்த அளவையும் அச்சடிக்க உன்னால் முடிந்தால் செய்.

அப்புறம், உன்னால் மட்டுமே முடிகிற ஒன்று. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்த எல்சி3 சிமெண்டுக்கு 2023இல் இந்தியத் தர நிர்ணயம் வந்துவிட்டது, ஐஐடி மெட்ராஸும் அந்த ஆராய்ச்சியில் பங்கெடுத்தது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டு எடுக்கிற கிளிங்கரைப் பாதியாகக் குறைப்பதால் கார்பன் 40 சதவீதம் வரை குறைகிறது, ஏனென்றால் சிமெண்டின் கார்பனில் பாதிக்கு மேல் வருவது சூளை எரிபொருளிலிருந்து அல்ல, சுண்ணாம்புக்கல்லுக்குள்ளிருந்தே. நான் சேலத்தில் இருந்துகொண்டு 200 மூட்டை வேண்டும் என்றால் டீலர் சிரித்துக்கொண்டே பிபிசி என்கிற, சாம்பல் கலந்த வழக்கமான சிமெண்டை நீட்டுகிறார். நீங்கள் ஒரு வருடத்துக்கு வாங்குகிற அளவில் கேட்டால் ஆலை கேட்கும். நீங்கள் வாங்க ஆரம்பித்தால் எங்களுக்கும் கிடைக்கும். கெஞ்சிக் கேட்கிறேன், இதைச் செய்.

நாகலூர் வீட்டை அப்படியே வைத்து, மூன்று அறையை விருந்தாளிகளுக்கு ஒழுங்கு செய்து, பின்னால் சமதளமாக இருக்கிற இடத்தில் ஒரு சமையலறை மட்டும் சேர்க்கலாம். வரவு நாலு காட்டேஜ் அளவுக்கு வராது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கடனும் இருக்காது. ஓதம் திரும்ப வந்தால் 5 வருடம் வரை என் செலவு, எழுதியே தருகிறேன்.

சித்திரையில் கோடை மழை தொடங்குவதற்குள் ஓடு வேலையை முடிக்க வேண்டும் என்கிறார் மேஸ்திரி அண்ணன். சரி என்றால் இந்த வாரமே சொல், சட்டத்துக்கு மரம் பார்க்கிறேன். பின்கட்டு அறையின் சாவி அந்தக் கொத்தில் இல்லை, சித்தப்பாவிடம் கேட்டு அனுப்பு. ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன், தாத்தா எடுத்து வைத்த பழைய ஓடுகள் உள்ளே அடுக்கடுக்காக இருக்கிற மாதிரி தெரிகிறது. இருந்தால் புதிதாக வாங்கவே வேண்டியதில்லை.

உன்,
வசந்தி