மைக் வாங்கக் காசு சேர்க்கிறோம்

திருகோணமலையில் மூன்று குறும்படம் எடுக்கிறோம். மூன்றும் எங்கட ஆக்களைப் பற்றியது, எடுக்கிறதும் எங்கட ஆக்கள்தான்: திருநங்கைகள், திருநம்பிகள், தன்பாலீர்ப்பாளர்கள், எந்தப் பெயரிலும் தன்னைச் சேர்க்க விரும்பாத ஒன்றிரண்டு பேர். மொத்தச் செலவு 6 லட்சம் ரூபா. கையில் இருப்பது 1 லட்சத்து 40 ஆயிரம், மிச்சத்துக்குத்தான் இந்த வேண்டுகோள்.

கமரா பிரச்சினை இல்லை, போன் போதும். சத்தம்தான் சொதப்புகிறது. பாலையூற்றில் தையல் வேலை செய்கிற அக்கா ஒருவரைச் சோதனைக்கு எடுத்தோம். ஃபேனை நிறுத்தினால் அவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது, போட்டால் அந்த இரைச்சல் பேச்சை விழுங்குகிறது, போதாததற்குக் கூரையில் காகம். சின்ன வயதில் வீட்டை விட்டுக் கொழும்புக்குப் போன கதையை அவர் சொன்ன இடம் அரைகுறையாகத்தான் கேட்கிறது. அறுபதை நெருங்குகிற அவர் திருநங்கை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, 'எங்கட ஆக்கள்' என்றே கதைத்தார். பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற இருபது வயதுப் பிள்ளையோ தன்னை நொன்-பைனரி, அதாவது ஆண் பெண் இரண்டுக்குள்ளும் அடங்காத ஆள், என்று சொல்கிற ஆள், அதற்குத் தமிழ் தேவையே இல்லையாம். பின்னேரம் வரைக்கும் இரண்டு பேரும் சண்டை. நல்ல சண்டை. அதுவும் ஒழுங்காகப் பதிவாகவில்லை.

எங்கட ஆக்கள் தங்களைச் சொல்கிற இந்தப் பேச்சைப் பிடித்துவைக்க ஏன் இந்த அவசரம் என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் 2008 இல் திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்தபோது அதன் பெயரில் இருந்த சொல் அரவாணிகள், இன்றைக்கு அப்படி அழைத்தால் பலருக்குக் கோபம் வரும். 2022 இல், சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றைத் தொடர்ந்து, எங்களைப் போன்றவர்களை எப்படி அழைக்கலாம் என்று அந்த அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழிலேயே போட்டது. நல்ல வேலைதான், ஆனால் அது அங்கத்தைய தமிழ். இங்கே சட்டம் எங்களைக் கூப்பிடுவது தன்பால் உறவைக் குற்றமாக்குகிற, 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளில். 1995 இல் அதைத் திருத்தினார்கள், எடுத்துப்போட இல்லை, பெண்களையும் உள்ளே இழுக்க. அவற்றை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 இல் இலங்கை உயர் நீதிமன்றம் சொல்லியும் அது சட்டமாகவில்லை.

படங்களிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. தன்பாலீர்ப்புள்ள கொழும்புத் தமிழ்ப் பையன் ஒருவனின் கதையான 'ஃபனி போய்' படத்தைக் கனடா ஒஸ்காருக்கு அனுப்பியபோது, ஆங்கில வசனம் பாதிக்கு மேல் இருக்கிறது என்று சர்வதேசப் படப் பிரிவில் எடுக்கவில்லை. படத்தில் வந்த கொஞ்சத் தமிழின் உச்சரிப்பைக் கேட்டு இங்கத்தைய தமிழ் ஆக்கள் பட்ட எரிச்சலும் ஊருக்கே தெரியும். சரி, குறை சொல்லிக்கொண்டே இருக்க முடியாதே, மூதூர்க்காரர் மூதூர்க்காரராகவே கதைக்கிற படத்தை நாங்களே எடுத்துப் பார்ப்போம் என்றுதான் இறங்கினோம்.

காசு போகிற வழி இது. வயர்லெஸ் மைக்கும் ரெக்கோடரும் 1 லட்சத்து 60 ஆயிரம். படத்தில் வருகிறவர்களுக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் சம்பளம் 1 லட்சத்து 50 ஆயிரம், இதில் மட்டும் கை வைக்க மாட்டோம், சும்மா வந்து உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்று கேட்டுக் கேட்டே எல்லாரும் களைத்துப்போனார்கள். மிச்சம் பயணம், சாப்பாடு, இரண்டு ஹார்ட் டிஸ்க், எடிட்டிங், சிங்கள சப்டைட்டில். முகம் காட்ட விரும்பாதவரின் முகம் வராது. எடிட்டிங் முடியும்வரை யாரும் விலகலாம், காரணம் கேட்க மாட்டோம். பொதுவில் காட்டத் தணிக்கை அனுமதி எடுக்க வேண்டும், ஆகவே முதலில் அழைத்தவர்களுக்கு மட்டும் ஒரு வீட்டில்தான் போடுவோம்.

500 ரூபாவும் எங்களுக்குக் காசுதான். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பாவிக்காத மைக்கை ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிட்டாலும் சந்தோசம். உவர்மலைப் பக்கம் சத்தமில்லாத அறை ஒன்று இரண்டு கிழமைக்கு யாராவது தந்தால் இன்னும் பெரிய உதவி. இன்னாரைக் காட்டாதே, இதைக் கதைக்காதே என்ற நிபந்தனையோடு வருகிற காசு வேண்டாம்.

கொடுப்பவர் பெயரை அவர் சொன்னால் ஒழிய வெளியிட மாட்டோம். கணக்கு இலக்கம் தேவையானவர்கள் குழுவில் உங்களுக்குத் தெரிந்தவரிடம் கேளுங்கள், பொதுவில் போடவில்லை. வரவு செலவு மாதம் முடிய பற்றுச்சீட்டுகளோடு, கொடுத்த எல்லாருக்கும் அனுப்புவோம்.