கொலுப்படியில் மரப்பாச்சி நடக்க

அன்புள்ள டீச்சர்,

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளை வைத்து, இரவில் கொலுப் பொம்மைகள் விழித்தெழும் ஐந்து நிமிட ‘ஸ்டாப் மோஷன்’ குறும்படம், அதாவது பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்துக் கோக்கும் படம், எடுக்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டோம். ஐந்து நிமிடம் என்ற கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். வினாடிக்கு 12 படம் என்றாலே 3,600 ஆகிறது. பிள்ளைகள் இரண்டாம் நாளே ஓய்ந்துபோவார்கள். 15 வினாடி எடுங்கள், 180 படம். நிமிடத்துக்கு இரண்டு எடுத்தால் ஒன்றரை மணி நேர வேலை.

கெடுப்பது பெரும்பாலும் வெளிச்சம்தான். கோலாலம்பூரில் பிற்பகல் மேகம் கூடினால் பத்து நிமிடத்தில் அறையே வேறு நிறமாகிவிடும். திரைச்சீலையை முழுக்க மூடி, இரண்டு மேசை விளக்குகளை மட்டும் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு வினாடிக்கு நூறு முறை கூடிக் குறையும். திறன்பேசிக் கேமராவில் எல்லாவற்றையும் நாமே அமைக்கும் ‘புரோ’ முறைக்குப் போய், ஒளி விழும் நேரமான ஷட்டரை 1/50 வினாடியில் நிறுத்துங்கள்; எல்லாப் படத்திலும் ஒரே அளவு ஒளி விழும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸ் மூன்றையும் மாறாமல் பூட்டிவிடுங்கள். ஒன்றைத் தானியங்கியாக விட்டாலும் படம் மினுமினுக்கும். பள்ளிச் சீருடையின் வெள்ளைச் சட்டை பொம்மைமேல் ஒளியைத் திருப்பி அடிக்கும்; அன்று கறுப்பு டி-சட்டை போட்டு வரச் சொல்லுங்கள். காற்றாடியும் வேண்டாம், மரப்பாச்சியின் பட்டுத்துணி படத்துக்குப் படம் ஆடும். புழுக்கம்தான். முப்பது படத்துக்கு ஒரு முறை வெளியே அனுப்புங்கள்.

மரப்பாச்சிக்குக் கை கால் மடங்காது. புதியவர்களுக்கு அதைவிட நல்ல நடிகர் கிடையாது, கவனிக்க ஒரே ஓர் உடம்புதானே! வலப்பக்கம் லேசாகச் சாய்த்து ஒரு படம், நிமிர்த்தி முன்னே நகர்த்தி ஒரு படம், இடப்பக்கம் சாய்த்து ஒரு படம். சாய்ந்து நிற்க, அடியில் பயறளவு புளூ டாக் (பிசைந்து ஒட்டிப் பிய்க்கக்கூடிய களிமண் போன்ற பசை) போதும். கூடுதலாக ஒட்டினால் பிய்க்கும்போது மேசையே அசையும். நகர்த்தும் தூரம் 1, 2, 4, 6, 6, 4, 2, 1 மில்லிமீட்டர் என்று ஏறி இறங்கட்டும். எடுத்த எடுப்பில் 6 தள்ளினால் யாரோ இழுப்பதுபோல் தெரியும்.

தஞ்சாவூர்த் தலையாட்டி அழகுதான், ஆனால் படாதபாடு படுத்தும். கையெடுத்த பிறகும் தலை ஆடிக்கொண்டே இருப்பதால் படம் கலங்கும். கழுத்துக்குள் புளூ டாக் திணித்து அசைவை நிறுத்திவிட்டு, நீங்களே ஆட்டுங்கள்: இடம் 10 மில்லிமீட்டர், வலம் 7, இடம் 5, வலம் 3, பிறகு நடு. தானாக ஆடி ஓய்ந்ததுபோலவே வரும்.

விழித்ததும் பொம்மையை நடக்க விடாதீர்கள். 8 படம் சும்மா நிற்கட்டும். பிறகு தலையாட்டியின் பக்கம் மெல்லத் திரும்பி, இன்னும் 6 படம். ‘அது யோசிக்குது டீச்சர்’ என்று பிள்ளைகள் சொல்வது அந்த இடத்தில்தான். அதை அவசரத்தில் வெட்டிவிடாதீர்கள்.

திறன்பேசியைத் தாங்கும் முக்காலியின் கால்களைத் தரையோடு நாடாவால் ஒட்டுங்கள். திரையைத் தொடாமல், காதொலிக் கம்பியின் ஒலிப் பொத்தானால் படமெடுங்கள். நடுவில் பொம்மை விழுந்தால் நினைவை நம்பி மறுபடி நிற்கவைக்க வேண்டாம். முந்தைய படத்தை மங்கலாகக் காட்டும் வசதி ஸ்டாப் மோஷன் செயலியில் இருக்கும். அந்த நிழலோடு பொம்மை பொருந்தும்வரை நகர்த்திவிட்டு அடுத்ததை எடுங்கள்.