தம்பிக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்பாய், அப்புறம் கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிடுவாய். இப்போதெல்லாம் அந்த "சரிம்மா"வும் இல்லை. மருமகளைக் கேட்டால் "வேலை அதிகம், அத்தை" என்கிறாள். அந்தப் பிள்ளையின் குரலும் ஒரு மாதிரி இருந்தது. சளியாக இருக்கும்.

இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை. மற்ற செய்திகளை அக்கா வாட்ஸ்அப்பில் போட்டிருப்பாள், நீதான் திறந்து பார்ப்பதில்லை. தைப்பூசத்துக்கு நீ வருவாய் என்று இருந்தோம். குனோங் சீரோ கோவிலில் உன் பால்குடத்தை அக்கா மகன் எடுத்தான். வேண்டிக்கொண்டது நீ, எடுத்தது அவன். முருகன் அதையெல்லாம் கணக்குப் பார்க்க மாட்டார் என்கிறாள் அக்கா. நான் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, எழுத வந்தது உன் சீஸ் பெட்டியைப் பற்றி.

தீபாவளிக்கு நீ அனுப்பினாயே, அப்போது வீடு நிறைய ஆள். வாய் நிறைய ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. மறுநாள் அக்கா ஃபிரிட்ஜைத் திறந்தவள், உள்ளே எலி ஏதோ செத்துக் கிடக்கிறது என்று சாமான் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டுத் தேடினாள். கடைசியில் பார்த்தால் உன் ரோக்ஃபோர். தூக்கிப் போடப் போனாள், நான் விடவில்லை. நீ ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தாய் அல்லவா, அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். செம்மறி ஆட்டுப்பால் சீஸ், பிரான்சில் கொம்பாலு மலையின் குகைகளுக்குள் வைத்துப் பழுக்க விடுவது, நீலமாக ஓடுவது கெட்டுப்போனதல்ல, வேண்டுமென்றே வளர்க்கும் பூஞ்சணம். அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு தின்றாள். அடுத்த துண்டுக்கு மூக்கைப் பிடிக்கவில்லை.

எனக்குப் பிடித்தது அந்தக் கெட்டி சீஸ்தான், பார்மிஜானோ. கடித்தால் நறநறவென்று வருவது உப்பு என்று நினைத்தேன். இல்லை, நாள் ஆக ஆகப் புரதம் உடைந்து படிகம் கட்டுவது என்று நீ எழுதியிருந்தாய். ஏறக்குறைய 40 கிலோ வரும் ஒரு சக்கரத்துக்கு 550 லிட்டர் பால், குறைந்தது 12 மாதம் காத்திருப்பு. படித்த பிறகு கத்தியை எடுக்கவே கை கூசியது. சீவல் சீவலாகத்தான் நறுக்கினேன்.

அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் அவர் செய்த வேலைக்கும் உன் சீஸ்காரன் செய்வதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மரத்துப் பாலைத் தொட்டியில் ஊற்றி, பார்மிக் ஆசிட் அளந்து விட்டு, உறைந்ததும் உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, புகைக்கொட்டாயில் தொங்கவிட்டுக் காத்திருப்பது. ஆசிட் ஒரு பிடி கூடினாலும் குறைந்தாலும் அன்றைய பால் அவ்வளவுதான். ஒரே வித்தியாசம், எங்கள் ஷீட்டில் பூஞ்சணம் பிடித்தால் கிரேடு இறங்கும், உன் கடையில் பூஞ்சணம் பிடித்தால் விலை ஏறுகிறது. அவர் இருந்திருந்தால் உன் கடைக்கு வந்து ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, ஒன்றிரண்டை மட்டம் என்று தள்ளியிருப்பார். கை நடுங்காத நாளாக இருந்தால்.

ஒரு விஷயம், மறப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு டீச்சரம்மா சுத்த சைவம். அவருக்கு ஒரு துண்டு கொடுக்கலாம் என்று தட்டில் எடுத்து வைத்த பிறகுதான் சீட்டின் பின்பக்கத்தைப் பார்த்தேன். கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளில்தான் பார்மிஜானோ செய்வார்கள், வேறு எதையும் விட மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். இதை முன்பக்கத்தில் எழுத வேண்டாமா? நம் ஆட்கள் உன் கடைக்கு வருவார்கள், புரட்டாசி மாதத்தில் கேட்பார்கள். நுண்ணுயிரிலிருந்து எடுத்ததைப் போட்டுச் செய்வதும் இருக்கிறது, போர்ச்சுகலில் ஏதோ முள்செடிப் பூவை ஊறவைத்த தண்ணீரிலேயே உறைய வைப்பார்கள் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அவற்றைத் தனியாக ஒரு தட்டில் வை. பெரிய எழுத்தில் எழுதி வை.

எழுத்து என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் சீட்டுகள் எல்லாம் மணிமணியாக இருந்தன, தோட்டத்துப் பள்ளியில் வாத்தியார் பாராட்டிய அதே கையெழுத்து. கடைசி இரண்டு மட்டும் கோணலாகப் போயிருந்தன. ஒன்றில் ஒரே வரியை மறுபடியும் எழுதியிருந்தாய். அவசரத்தில் எழுதியிருப்பாய். ராத்திரியில் உட்கார்ந்து எழுதாதே. வேலை முடிந்தால் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போ. நேரத்துக்குச் சாப்பிடு.

கோலாலம்பூர் பங்சாரில் கடை என்று சொன்னபோது இங்கே யாரும் நம்பவில்லை, தெரியுமா? அந்த இடமும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான் என்று உன் தாத்தா சொல்வார். அங்கேயும் நம் ஆட்கள்தான் பால் வெட்டினார்கள். இன்றைக்கு அதே மண்ணில் என் பிள்ளை வாடகை கொடுத்து, வெள்ளைக்காரன் வந்து "இதில் எது நல்லது" என்று கேட்கும்படி நிற்கிறான். காலைச்சந்தையில் யார் கேட்டாலும் இதைச் சொல்கிறேன். அக்கா என் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

ஒயின் விற்கிறாய் என்பதை மட்டும் சொல்வதில்லை. சீஸ், ஆலிவ் எண்ணெய், தேன், அந்தக் கறுப்பு வினிகர் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். வெட்கம் என்று நினைக்காதே. லைசென்ஸ் இருக்கிறது, இருபத்தொரு வயது ஆகாதவனுக்குக் கொடுப்பதில்லை, எல்லாம் சட்டப்படி என்று எனக்குத் தெரியும். 2021-இல் கோலாலம்பூரில் மளிகைக்கடைகளிலும் சீன மருந்துக்கடைகளிலும் மது விற்க மாநகராட்சி கட்டுப்பாடு கொண்டுவந்தபோது நான்தான் முதலில் உனக்குப் போன் செய்து கேட்டேன்.

ஆர்கானிக் ஒயின் மட்டும்தான் வைப்பேன் என்று நீ பிடிவாதமாக இருந்தாயே, அதில் எனக்கு உள்ளுக்குள் பெருமை. ஏன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்து அடித்த கை இது. நகம் கறுத்து விழுந்ததை நீ பார்த்திருக்கிறாய், மூக்கில் ரத்தம் வந்ததையும். அது பாராகுவாட் என்று பெயர் தெரிந்ததே எத்தனையோ வருஷம் கழித்துத்தான். இந்த நாட்டில் அதற்கு முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில். அதற்குள் என்னோடு அடித்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். நீ விற்கும் திராட்சைத் தோட்டத்தில் எந்தப் பெண்ணும் அப்படி டின் சுமக்கவில்லை என்றால், அந்த ஒன்றுக்காகவே உன் கடை நன்றாக இருக்கட்டும்.

அன்று ராத்திரி நீ போன் செய்தபோதும் இதைத்தான் பேசினாய். ஆர்கானிக் என்றால் மருந்தே இல்லை என்று அர்த்தம் இல்லையம்மா, செம்பு கலந்த மயில்துத்தம் அடிக்க ஐரோப்பாவில் அனுமதி உண்டு, ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சராசரி 4 கிலோ செம்புக்கு மேல் போகக்கூடாது என்றாய். ஒயின் கெடாமல் இருக்க சல்பைட் சேர்ப்பதற்கும் வரம்பு உண்டு, சாதாரண சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை, ஆர்கானிக்கில் 100 தான் என்றாய். எவ்வளவு விஷயம் தெரிந்து வைத்திருக்கிறான் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாய். அப்புறம், "அம்மா, ஆர்கானிக் என்றால் மருந்தே இல்லை என்று அர்த்தம் இல்லை" என்று ஆரம்பித்து, அதே 4 கிலோ, அதே 150, அதே 100. முதல் தடவை கேட்பதுபோல நானும் "அப்படியா, அப்படியா" என்றேன். அதற்குப் பிறகு நீ பேசவே இல்லை.

களைப்பாக இருந்திருப்பாய். கடையில் அன்று ருசி பார்க்கும் நிகழ்ச்சி என்றாயே.

தம்பி, கடை போடுவதற்கு முன்பு நீ எனக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? நான் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ பக்கத்தில் வந்து, "ஒயின் ருசி பார்க்கிறவர்கள் விழுங்க மாட்டார்கள் அம்மா, வாயில் வைத்து அலசிவிட்டு வாளியில் துப்பிவிடுவார்கள், அதுதான் முறை" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கி யாராவது துப்புவார்களா என்று கேட்டேன். துப்புவார்கள் என்று செய்து காட்டினாய், ஒரு தம்ளர் மைலோவை வைத்து. அந்த நம்பிக்கையில்தான் என் ஈபிஎஃப் சேமிப்புப் பணத்தைக் கொடுத்தேன். பணத்தைப் பற்றி இப்போது பேச வரவில்லை, அது உன்னுடையதுதான். துப்பிவிடு. அதுதான் முறை என்று நீயே சொன்னாய்.

நீ படம் அனுப்பிய போத்தலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆல்கஹால் 13.5 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அன்றன்று இறக்கிய கள் நாலைந்துதான் வரும். ஆர்கானிக் என்பது மண்ணுக்கும் இலைக்கும்தானே, இந்த எண்ணை அது குறைக்காதே? மது உடலுக்குக் கேடு என்று போத்தலிலேயே மலாயில் எழுதியிருக்கிறார்களே, வாங்குகிறவர்கள் மட்டும் படிப்பதற்காகவா?

கடைத் திறப்பு அன்று எல்லோர் முன்னாலும் மைக்கைப் பிடித்து, "என் முதல் மது வியாபாரம் எட்டு வயதில், அப்பாவுக்காகக் கள்ளுக்கடைக்கு டின் தூக்கிக்கொண்டு போனேன்" என்றாய். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தோட்டத்து லயத்தில் எந்த வீட்டுப் பிள்ளை போகவில்லை? பத்தாம் நம்பர் வீட்டுப் பெண்பிள்ளை கூடத்தான் போனாள். உன் அப்பா சொன்னால் மறுத்துப் பேச அந்த வீட்டில் யார் இருந்தார்கள்? அதை ஒரு சிரிப்புக் கதையாக வெள்ளைக்காரர்களிடம் சொல்ல வேண்டுமா? சித்தப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு சம்சு சாராயம் விட்டு எத்தனை வருஷம் ஆகிறது, அவர் முகத்தை நீ பார்க்கவில்லை.

சரி, விடு. நல்ல நாளில் சொன்னது. நீ நல்லவன். தோட்டத்திலேயே முதலில் எஸ்பிஎம் பரீட்சையில் கணக்குக்கு ஏ வாங்கியவன். அப்பா ஸ்டோர் வாசலில் விழுந்த அன்று தோட்ட ஆபீஸ் கிராணி வீடு வரை செருப்பில்லாமல் ஓடியவன். உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. ஆனாலும் சொல்கிறேன், வெறும் வயிற்றில் ருசி பார்க்காதே. கடை சாத்திய பிறகு ருசி பார்க்காதே. மிச்சம் இருக்கும் போத்தல் வீணாகிறதே என்று பார்க்காதே, கொட்டிவிடு, நான் காசு தருகிறேன். துப்பிவிடு.

மருமகளிடம் கோபப்படாதே. அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் நானும் அக்காவும் இடிஎஸ் ரயிலில் வருகிறோம். சித்தப்பாவும் வருகிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. உன்னோடு தனியாக ஏதோ பேச வேண்டுமாம், பேச விடு. டிக்கெட் வாங்கியாகிவிட்டது, அதனால் வேலை என்று சொல்லாதே. சனிக்கிழமை ருசி பார்க்கும் நாள் என்றால் அன்றைக்கே கடைக்கு வந்துவிடுவோம். ஒரு நாற்காலி போட்டு வை, சீஸ் வெட்டித் தர எனக்குத் தெரியும், சீவல் சீவலாக. அந்த வாளியையும் நான் உட்காரும் இடத்திலிருந்து தெரிகிற மாதிரி வை.

அன்புடன்,
அம்மா

சீஸைப் பிளாஸ்டிக்கில் சுற்றாதே, மெழுகுத்தாளில் சுற்று என்று எழுதியிருந்தாய், அப்படியே செய்தேன். தாள் தீர்ந்துவிட்டது, வரும்போது எடுத்துக்கொள்கிறேன். ஊறுகாய் இரண்டு போத்தல் கொண்டு வருகிறேன், ஒன்று மருமகளுக்கு.