பொழுதோட என்றால் எப்போது?

கோபிசெட்டிபாளையம்,
ஞாயிறு இரவு.

அன்பான கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஹைகோர்ட்டில் அரசு வக்கீலாக ஒரு வழக்குக் கட்டைப் படிக்கிற நீ, காலையில் போனில் கேட்டாயே, "அம்மா, பொழுதோடன்னா சாயங்காலமா, ராத்திரியா?" என்று. "சாயங்காலம்தான், பொழுது இறங்குற நேரம்" என்று சொல்லிவிட்டு, பால் பொங்குகிறதென்று போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மத்தியானம் அப்பாவுக்குச் சந்தகை பிழியும்போதும் அந்த வார்த்தைதான் மனசில் சுற்றிக்கொண்டிருந்தது. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒரு வழக்கு இருக்கிறது. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் கடிதம்.

நீ அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். நான் செஷன்ஸ் கோர்ட்டில் அரசுத் தரப்பில் நின்ற காலம். வாய்க்கால் தண்ணீர் முறையில் இரண்டு பங்காளி வீட்டுக்கும் தகராறு. ஒரு வீட்டுப் பையனை, இருபத்துநாலு வயசு, இட்டேரியில், அதுதான் வேலிக்கு நடுவில் போகிற தடத்தில், வழிமறித்துக் கொடுவாளால் வெட்டிவிட்டார்கள். கண்ணால் பார்த்த சாட்சி ஒரே ஒருவர்தான். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அறுபது வயசு அம்மா. புகார் கொடுத்த தகப்பனார் சம்பவத்தைப் பார்த்தவர் இல்லை. சத்தம் கேட்டு ஓடிப்போனவர். எஃப்.ஐ.ஆரில் அவர் சொன்ன நேரம் "சுமார் ஏழு மணி". ஆகவே அந்த அம்மாவின் வாயில் வருகிற நேரம்தான் வழக்கின் உயிர்.

அவர் கூண்டில் ஏறி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தெளிவாகச் சொன்னார். "பொழுதோட ஆட்டைப் பட்டிக்கு ஓட்டியாந்தனுங்க. அப்பத்தான் வெட்டுனதைப் பாத்தனுங்க."

ஜட்ஜ் தெற்கத்திப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர், சட்டம் நன்றாகத் தெரிந்தவர். சாட்சி சொல்வதை எழுத்துத் தமிழாக்கி டைப்பிஸ்ட்டுக்குச் சொல்லும்போது, "இரவு ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டி வந்தபோது" என்றார். டைப் அடிக்கிற சத்தம் என் காதில் விழுந்தது. தப்பு என்று அந்த நிமிஷமே தெரிந்தது. எழுந்து, "பொழுதோட என்றால் இந்தப் பக்கம் மாலை நேரம்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். மணி ஒன்றேகால். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் வெளியே அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். நேரில் பார்த்தேன் என்று சொல்லிவிட்டாரே, அது போதும் என்று நினைத்து உட்கார்ந்தே இருந்தேன். கடைசியில் "படித்துக் காட்டப்பட்டது, சரி" என்ற வரிக்குக் கீழே அந்த அம்மா கைநாட்டு வைத்தார். மை துடைக்கத் துணி இல்லாமல் விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு இறங்கிப் போனது இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது.

ஆயுள் தண்டனை விழுந்தது. ஆறு வருஷம் கழித்து ஹைகோர்ட்டில் அப்பீல் விசாரணைக்கு வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்வி. இரவு நேரம், இரண்டு பக்கமும் ஆள் உயரக் கிளுவை வேலி, போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜரில் விளக்குக் கம்பம் எதுவும் காட்டவில்லை, முகத்தை எப்படி அடையாளம் கண்டார்? அரசுக்காக நின்றவரிடம் பதில் இல்லை. இருக்க வழியும் இல்லை. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துச் செத்துப்போன பையனின் தாயார் நம் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. "அம்மிணி, எம் பையனை அவன் கொல்லலைன்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார். "கொல்லலைன்னு சொல்லலைங்கம்மா, நிரூபிக்கலைன்னுதான் சொல்லியிருக்காங்க" என்றேன். "ரெண்டும் வேற வேறயா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டத்தில் அதற்குப் பதில் உண்டு. அன்றைக்கு என் வாயில் அது வரவில்லை.

சம்பவம் நடந்த அதே மாசி மாசத்தில் ஒருநாள் நான் மட்டும் அந்த இட்டேரிக்குப் போனேன். ஆறு மணியிலிருந்து நின்றேன். சோளத்தட்டுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் எதிரே வந்தார். இருபது அடி தூரத்தில் மூக்கு, மீசை, நெற்றித் திருநீறு எல்லாம் தெரிந்தது. பொழுது விழுந்து சித்த நேரத்துக்கும் முகம் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அப்புறம் வேலியோரத்து இருட்டு தரையிலிருந்து ஏறுகிற மாதிரி ஏறியது. ஏழு மணிக்கு என் கையே எனக்குத் தெரியவில்லை. வழக்கு நடக்கும்போது போயிருக்க வேண்டிய இடம். அந்த நீதிபதிகள் தப்பாகத் தீர்ப்பு எழுதவில்லை கண்ணு. அவர்கள் கையில் இருந்த பக்கத்துக்கு அந்தத் தீர்ப்புதான் சரி. பக்கத்தைத் தப்பாக விட்டது நான்.

இப்போது உன் வழக்குக்கு வருகிறேன். நீ விவரம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வழக்குக் கட்டை எனக்கு அனுப்பவும் வேண்டாம், அது முறையில்லை. ஆனால் நீ கேட்ட குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தடவை அந்த வார்த்தை அரசுத் தரப்புக்கு எதிராகப் போகிறது, இல்லையா? இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் இரவு என்று இருக்கும். கடைசியாக இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தேன் என்று ஒரு சாட்சி சொல்லியிருப்பார். அது சாயங்காலம் ஆகிவிட்டால், பார்த்த நேரத்துக்கும் செத்த நேரத்துக்கும் நடுவில் ஐந்தாறு மணி நேரம் விழும். அந்த இடைவெளியில் வேறு யாரும் வந்திருக்க முடியாது என்று சொல்ல முடியாமல் போகும். கீழ்க்கோர்ட்டில் யாரும் கவனிக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலும் இங்கிலீஷ் பக்கத்தை வைத்துத்தான் வாதாடுகிறார். அந்த வார்த்தை உறுத்துவது உனக்கு மட்டும்தான்.

சொல்லிவிடு. முதலில் சீனியரிடம், அப்புறம் பெஞ்சிடம்.

அரசு வக்கீல் கட்சிக்காரருக்காக நிற்கிற ஆள் இல்லை. எப்படியாவது தண்டனை வாங்கித்தர வேண்டும் என்ற வேட்கை அரசு வக்கீலுக்குக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 1999இல் சிவ்குமார் வழக்கில் சொன்னதை நீ லா காலேஜிலேயே படித்திருப்பாய். நான் அதைப் படித்தது வேலைக்கு வந்து வெகுநாள் கழித்து. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஒன்று வழக்குக் கட்டில் இருந்து, அவருடைய வக்கீல் அதைப் பார்க்கவில்லை என்றால், எடுத்துக் காட்ட வேண்டியது நம் வேலை. அப்படிச் செய்தால் போலீஸ்காரர்கள் முகம் சுளிப்பார்கள். "மேடம் கேஸை விட்டுட்டாங்க" என்று காரிடாரில் பேச்சு வரும். என்னைப் பற்றியும் வந்திருக்கிறது. ஒரு வாரம் தூக்கம் கெடும், அப்புறம் சரியாகிவிடும். அன்றைக்கு நான் எழுந்திருக்காமல் விட்டதற்கு இன்றுவரை தூக்கம் கெடுகிறது.

நம் பக்கத்துக் கேஸ்கள் உன்னிடம் நிறைய வரும். கரூர் மட்டும் மதுரைக் கிளைக்குப் போகிறது. ஈரோடு, கோயம்புத்தூர், திருப்பூர், நாமக்கல், சேலம் எல்லாம் சென்னைக்குத்தான். அதனால் சொல்கிறேன், சாட்சிகளின் தமிழ்ப் பக்கத்தை முதலில் படி, மொழிபெயர்ப்பை அப்புறம் எடு. தமிழ் தெரியாத நீதிபதி பெஞ்சில் உட்கார்ந்தால் அந்த மொழிபெயர்ப்புதான் அவருக்குக் கண். "எங்கய்யன்" என்று ஒருத்தர் சொன்னால் அது அவருடைய அப்பா. அதை ஒருவர் தாத்தா என்று எழுதிவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். "அப்புச்சி" என்றால் அம்மாவின் அப்பா. "சாளை" என்றால் காட்டுக்குள் குடியிருக்கிற வீடு. கடை கண்ணி இருக்கிற சாலை இல்லை. சாளையில் நடந்த கொலையைச் சாலையில் நடந்ததாக எழுதிவிட்டால், பார்த்தவர்கள் ஏன் இத்தனை குறைவு என்று கேள்வி வரும். நீ பதினேழு வயசில் சென்னைக்குப் போனவள், இதில் பாதி உனக்கு மறந்திருக்கும். எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் கேள்.

எஃப்.ஐ.ஆர். எத்தனை மணிக்குப் பதிவானது என்பதோடு நிற்காதே. மாஜிஸ்திரேட் கையில் எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும். ராத்திரி எட்டுக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். மறுநாள் மத்தியானம் வந்திருந்தால், நடுவில் என்ன நடந்தது என்று நீயே உன்னைக் கேட்டுக்கொள். பெஞ்ச் கேட்கும் முன்னால் கேட்டுவிடு. முன்பு சொன்னதைக் கூண்டில் மாற்றிச் சொல்கிற பிறழ் சாட்சியை ஒதுக்கித் தள்ளாதே. அவர் சொன்னதில் நம்பக்கூடிய பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்பது நிலைத்துப்போன சட்டம். ஆனால் அவர் ஏன் பிறழ்ந்தார் என்பது எந்தப் பக்கத்திலும் இருக்காது. இரண்டு வீட்டுக்கும் ஒரே வாய்க்கால், அல்லது ஒரே தறிப்பட்டறை. சாட்சி சொல்லிவிட்டு அடுத்த நாள் அதே முகத்தில்தான் அவர் விழிக்க வேண்டும். அவர்மேல் கோபப்படாதே.

உடுமலைப்பேட்டை வழக்கை நினைத்துப்பார். சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரை 2016 மார்ச்சில் பட்டப்பகலில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வெட்டியது, கேமராவிலேயே பதிவானது. 2017 டிசம்பரில் திருப்பூர் கோர்ட் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தபோது ஊரெல்லாம் அதே பேச்சு. 2020 ஜூனில் ஹைகோர்ட் ஐந்து பேரின் தூக்கை, 25 வருஷத்துக்குக் குறையாத ஆயுளாக மாற்றியது. சங்கர் கட்டிய பெண்ணின் தகப்பனாரைச் சதி நிரூபணமாகவில்லை என்று விடுவித்தது. கேமரா வெட்டியவர்களைக் காட்டியது. சொல்லி அனுப்பியது யார் என்பதைக் கேமரா காட்டாது. அதற்கு ஒவ்வொரு கண்ணியாகக் கோக்க வேண்டும். 'இருக்கலாம்' என்பதற்கும் 'இருந்தே தீர வேண்டும்' என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தைச் சார்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டில் 1984இலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். உடுமலைப்பேட்டைத் தீர்ப்பு வந்த அன்று எனக்கு மனசு ஆறவில்லை என்பதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். கீழே கண்ணிகளைக் கோக்கிற வேலையில் முப்பது வருஷம் இருந்தவளுக்கு அது எத்தனை கஷ்டம் என்று தெரியும். ஒன்று விட்டாலும் மேலே போய் அறுந்துவிடும்.

வாச்சாத்தி எனக்கு வேறு மாதிரி ஞாபகம் வருகிறது. வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் மலைவாழ் மக்கள் ஊருக்குள் புகுந்து செய்த கொடுமை, 1992இல் நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியும் முன்பே இறந்துபோனார்கள். மிச்சம் 215 பேரையும் 2011இல் தர்மபுரி கோர்ட் தண்டித்தது. ஹைகோர்ட்டில் அப்பீல் முடிய 2023 ஆனது. ஆனால் தீர்ப்புக்கு முன்னால் ஹைகோர்ட் நீதிபதி வேல்முருகன் அந்த மலையடிவார ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். அப்பீல் நீதிபதி கட்டை விட்டு எழுந்து அப்படிப் போவது அரிது. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு அந்த மாசி மாசத்து இட்டேரிதான் ஞாபகத்துக்கு வந்தது. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

விடுதலையை எதிர்த்து அரசு போடுகிற அப்பீல்களும் உனக்கு வரும். எனக்கு இன்னும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துப் பிரிவு 378தான் வாயில் வருகிறது, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் உங்களுக்கு அது 419. எண் எதுவானாலும் சரி, கீழ்க்கோர்ட் விடுவித்தவருக்கு நிரபராதி என்ற ஊகம் இரண்டு மடங்காகிவிடுகிறது. இரண்டு விதமாகப் பார்க்க இடமிருந்தால் விடுதலையைத் தொடக்கூடாது. அப்பீலுக்குத் தகுதி இல்லை என்று தோன்றினால் கருத்துரையில் அப்படியே எழுதிவிடு. மேலே இருப்பவர்கள் வேறு மாதிரி முடிவெடுத்தால் அது அவர்கள் பாடு, உன் கையெழுத்துக்கு மேலே உன் கருத்து இருக்கட்டும்.

வழக்கை நடத்திய இன்ஸ்பெக்டர் கேஸ் டைரி ஃபைலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஏற்காடு எக்ஸ்பிரஸில் வருவார். விடியக்காலையில் சென்ட்ரலில் இறங்கி, குளித்துவிட்டு உன் அறைக்கு வந்து நிற்பார். உட்காரச் சொல்லி, ஒரு காபி வாங்கிக் கொடுத்து, அந்தத் தமிழ்ப் பக்கத்தை அவர் முன்னால் விரித்து வை. "பொழுதோடன்னா எப்பங்க?" என்று நம் ஊர்ப் பேச்சிலேயே கேள். அவர் நம் பக்கத்து ஆளாக இருந்தால், வழக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும், சாயங்காலம் என்றுதான் சொல்லுவார். அவர் பதிலை எழுதிக்கொண்டு சீனியரிடம் போ.

கொடிவேரியிலிருந்து தடப்பள்ளி வாய்க்காலுக்குத் தண்ணீர் விட்டுவிட்டார்கள். அப்பா நாற்று விடுகிற வேலையில் இருக்கிறார். அம்மிச்சி, நீ எப்போது வருவாய் என்று ஒருநாள் விடாமல் கேட்கிறாள். வேளைக்குச் சாப்பிடு. பெஞ்சில் சொல்லி முடித்ததும் போன் பண்ணு, என்ன ஆனாலும் பரவாயில்லை, முதலில் எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா