சந்தூரிலிருந்து சென்னையின் எஃப்.சி. நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சென்னையின் எஃப்.சி. நிர்வாகத்தாருக்கும், பயிற்சியாளர் ஓவன் கோய்ல் அவர்களுக்கும், அணியின் உரிமையாளர்கள் விட்டா தானி, அபிஷேக் பச்சன், மகேந்திர சிங் தோனி ஆகியோருக்கும்,

வணக்கம்.

நேற்று ராத்திரி நேரு ஸ்டேடியத்தில் நடந்த ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 1-3 என்று நாம் தோற்றதைப் பார்த்துவிட்டு, கோயம்பேட்டில் பஸ் ஏறி, விடியும் முன் கிருஷ்ணகிரியில் வந்து இறங்கினோம். நானும் எட்டாவது படிக்கும் என் மகனும். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு பைக்கில் சந்தூர். அவனைத் தூங்க விட்டுவிட்டு, நர்சரியில் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டு முடித்து, இப்போதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபத்தில் எழுதவில்லை. கோபமெல்லாம் வாணியம்பாடி வருவதற்குள் அடங்கிவிட்டது. இப்போது மனசில் இருப்பது பயம்தான்.

இன்று 2025 ஜனவரி 31. ஆட்டக்காரர்களை வாங்கவும் விற்கவும் மாற்றிக்கொள்ளவும் இருக்கிற ஜனவரி மாதத்தின் கடைசி நாள். காலையிலிருந்து என் போனில் வருகிற செய்தி எல்லாம் ஒரே மாதிரி: இவரை விடணும், அவரைக் கொடுத்து இன்னொருவரை வாங்கணும், டிஃபென்ஸையே மாற்றணும். எழுதுகிறவர்களில் பாதிப் பேர் நேற்று என் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டை வற்றக் கத்தியவர்கள். அவர்கள் வலி எனக்கும் இருக்கிறது. ஆனால் இந்த வலியோடு இருக்கிறவர்கள் பேச்சைக் கேட்டு, இன்று ராத்திரிக்குள் நீங்கள் ஏதாவது கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மடல்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், நீங்களும் பார்த்ததுதான். நாங்கள் சீட் தேடி உட்காருவதற்குள், மூன்றாவது நிமிடத்திலேயே கேரளாவின் ஜிமெனெஸ் கோல் போட்டுவிட்டார். முதல் பாதி முடியும் முன்பே நம்ம வில்மர் ஜோர்டான் கில் ரெட் கார்டு வாங்கி வெளியே போனார். பத்துப் பேரோடு ஆடினோம். இடைவேளைக்குச் சற்று முன்னால் கேரளாவின் கோரூ சிங் ஒரு கோல், பிறகு பெப்ரா ஒரு கோல். எழுபது நிமிடம் தாண்டியதும் எங்கள் வரிசையில் ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். என் மகன் எழவில்லை. கடைசி நிமிடங்களில் வின்சி பரெட்டோ ஒரு கோல் திருப்பியபோது, ஸ்டேடியமே காலியாகிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் ஒருவன் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு தொண்ணூறு கிலோமீட்டர். சென்னை இருநூற்றைம்பதுக்கும் மேல். ஓசூர்ப் பக்கம் போனால் பசங்க உடம்பில் பெங்களூரு எஃப்.சி. நீலச் சட்டைதான் அதிகம் தெரியும். ஆலை வேலைக்கு வந்த மலையாளப் பிள்ளைகள் மஞ்சள் சட்டையில் திரிவார்கள். கண்டீரவா ஸ்டேடியத்தில் ஆட்டம் முடிந்து கடைசி பஸ் பிடித்தாலும் நடுராத்திரிக்குள் வீடு வந்து சேரலாம். அப்படி இருந்தும் நாங்கள் சென்னைக்கு வருகிறோம் என்றால், ஏதோ ஒரு கணக்குப் போட்டு வரவில்லை. நம்ம டீம் என்று ஒட்டிக்கொண்டுவிட்டது.

எனக்கு அது ஒட்டிக்கொண்ட நாள் 2018 மார்ச் 17. இறுதி ஆட்டம், பெங்களூருவின் சொந்த மண்ணில். நானும் என் சித்தப்பா மகனும் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறிப் போனோம். சுற்றிலும் நீலச் சட்டை. நாங்களும் நீலம்தான், ஆனால் வேறு நீலம். ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி கோல் போட்டதும் எங்களைச் சுற்றி எழுந்த சத்தத்தில் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் நெல்சன் அடித்த கார்னர், மெயில்சன் ஆல்வெஸின் தலை. மறுபடி நெல்சனின் கார்னர், மறுபடி மெயில்சனின் தலை. இரண்டாம் பாதியில் ரஃபேல் அகஸ்டோ. 3-2 என்று ஜெயித்து ஓசூர் வழியாகத் திரும்பியபோது நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை, சிரித்துக்கொண்டே வந்தோம். அந்த சீசன் அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகத் தலையால் முட்டி கோல் போட்ட தனபால் கணேஷ் வியாசர்பாடிப் பையன். ஜெயித்த டீமில் நம் மண்ணின் ஆளும் இருந்தார் என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த வருஷமே என்ன ஆனது? கோப்பை வென்ற டீம் 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்துக் கடைசி இடம். அந்த 2019 ஜனவரியிலும் இதே அவசரம்தான். கேரளாவிடமிருந்து சி.கே. வினீத்தையும் ஹாலிசரண் நர்சாரியையும் லோனில், அதாவது தற்காலிகமாக, கொண்டுவந்தார்கள். நல்ல ஆட்டக்காரர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டை விழுந்த இடம் ஒன்று, பூசிய இடம் வேறு. கடைசி இடம் கடைசி இடமாகவே இருந்தது.

என் பயத்துக்கு உண்மையான காரணம் 2022 ஜனவரி. அந்த ஒரே மாதத்தில் இரண்டு காரியம் நடந்தது. முந்தைய நாட்களில் நமக்காக 15 கோல் போட்டு, அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் விருது வாங்கிய வால்ஸ்கிஸை ஜாம்ஷெட்பூரிலிருந்து திரும்ப அழைத்து வந்தீர்கள். அவருக்கு அப்போது 34 வயது. அதே மாதத்தில் லாலியன்சுவாலா சாங்டேவை லோனில் மும்பைக்கு அனுப்பினீர்கள். அவருக்கு 24. நாம் அந்த சீசனை எட்டாவது இடத்தில் முடித்தோம். சாங்டே மும்பையிலேயே தங்கிவிட்டார். அடுத்த சீசனில் பத்து கோல் போட்டார், லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார், இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே போனது. லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கிற டீமுக்கான ஷீல்டு மும்பைக்குக் கிடைத்தது.

அப்போதும் ரசிகர்கள்தான் கத்தினோம். நானும் கத்தியவன். சாங்டே கோல் முன்னால் பந்தை வீணாக்குகிறார், ஓடத் தெரிகிறது முடிக்கத் தெரியவில்லை என்று என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். இதை மனப்பூர்வமாக ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கத்தலுக்கு நீங்கள் செவிசாய்த்தீர்களா, உங்கள் கணக்கு வேறாக இருந்ததா, எனக்குத் தெரியாது. எங்கள் பேச்சு இந்த முறை உங்கள் காதில் விழும்போது, அதே வாய்தான் பேசுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

நடு சீசனில் ஆள் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே 2022 ஜனவரியில் வால்ஸ்கிஸை நம்மிடம் விட்ட ஜாம்ஷெட்பூர், ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் சோபிக்காமல் இருந்த டேனியல் சீமாவை எடுத்தது. அவர் வந்து கோலாகப் போட்டார், லீக் ஷீல்டை ஜாம்ஷெட்பூர் தூக்கியது. அந்த டீமின் பயிற்சியாளர் வேறு யாருமில்லை, ஓவன் கோய்ல் ஐயா, நீங்கள்தான். எந்த இடத்தில் எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்து எடுத்தீர்கள், கிடைத்தது. 2019 டிசம்பரில் நம்மிடம் வந்தபோதும் அப்படித்தான். ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றியோடு கீழே கிடந்த டீமை, அதே ஆட்களை வைத்தே இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனீர்கள். கொரோனா பயத்தில் ஆளில்லாத மைதானத்தில் நடந்த அந்த ஆட்டத்தில் தோற்றோம், ஆனால் அந்த சீசனை நான் இன்றும் வெற்றியாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த மாதம் பிகாஷ் யும்னாமைக் கேரளாவுக்குக் கொடுத்து ப்ரீதம் கோட்டலை வாங்கியிருக்கிறீர்கள். கோட்டல் மோகன் பகானின் கேப்டனாக 2023-ல் கோப்பை தூக்கியவர். பின்வரிசையில் நின்று இளையவர்களை அதட்டி நிறுத்த இப்படி ஒருவர் நமக்குத் தேவைதான். ஆனால் பிகாஷுக்கு 21 வயது, கோட்டலுக்கு 31. ஒப்பந்தம் முடிந்து பையன் வெறுமனே போய்விடுவதற்கு இது மேல் என்று நீங்கள் யோசித்திருக்கலாம். அப்படியென்றால் அதை ரசிகர்களிடம் சொல்லியிருக்கலாம். எங்களுக்குப் புரியும். ஒரு படமும் இரண்டு வரி வரவேற்பும் போட்டுவிட்டு, போன பையனைப் பற்றி ஒரு வார்த்தை விவரம் இல்லாதது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

சந்தூரில் பிழைப்பே மாங்கன்றுதான். கொட்டையை ஊன்றி வளர்த்த நாட்டுக் கன்றின் தலையை வெட்டிப் பிளந்து, தாய் மரத்திலிருந்து எடுத்த பென்சில் கனக் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் சொருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுவோம். துளிர் தெரிய மூன்று வாரம் ஆகும். வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்றுதான். பத்தாம் நாளே, பிடித்ததா இல்லையா என்று நாடாவைப் பிரித்துப் பார்ப்பார்கள். பிடித்துக்கொண்டிருந்த ஒட்டும் அதோடு காய்ந்துவிடும். என் அப்பா ஒரு தடவை, காய்ப்பு இல்லை என்று ஆறு மல்கோவா மரத்தை விறகுக்கு வெட்டிப் போட்டார். மல்கோவா அப்படித்தான், வருஷா வருஷம் கொட்டிக் கொடுக்காது. அடுத்த பருவத்தில் பக்கத்துத் தோட்டத்தில் அதே வயசு மரங்கள் காய்த்து நின்றபோது, அந்த வரப்பு வழியாகப் போவதையே அவர் விட்டுவிட்டார். சுற்று வழியில் போனார். கடைசி வரைக்கும்.

இர்ஃபான் யாத்வாட், வின்சி பரெட்டோ போன்ற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. இர்ஃபான் போன நவம்பரில்தான் இந்திய அணிக்காக முதல் ஆட்டம் ஆடினார். வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர் ஒரு சீசன் இருப்பார், இரண்டு சீசன் இருப்பார், போவார். அதில் தப்பில்லை. களத்தில் நான்கு பேர்தான் வெளிநாட்டவர், மீதி ஏழு பேர் நம் பிள்ளைகள். அந்த ஏழில் மூன்று பேராவது ஐந்து வருஷம் சேர்ந்து ஆடினால்தான் டீம் என்று ஒன்று உருவாகும். நேற்று நமக்குக் குறைந்தது அதுதான். பந்தைக் கொடுக்கிறவருக்கு வாங்குகிறவர் எங்கே நிற்பார் என்று தெரியவில்லை. இன்று ராத்திரி வாங்குகிற ஆள் அதைச் சரிசெய்ய மாட்டார். இன்னும் ஒருவருக்கு இடம் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

2015-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பத்து ஆட்டம் முடிந்தபோது பத்தே புள்ளி, பட்டியலின் அடியில். அப்புறம் தொடர்ந்து நான்கு வெற்றி. வெள்ளத்தில் சென்னை தத்தளித்ததால் சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் போய் ஆடி 3-0 என்று ஜெயித்தோம். கோவாவில் இறுதி ஆட்டத்தின் தொண்ணூறாவது நிமிடம் வரை பின்தங்கி இருந்து, மெண்டோசாவின் கடைசி நேர கோலில் 3-2. அந்த டீமைப் பத்தாவது ஆட்டத்தோடு கலைத்திருந்தால் எங்களுக்கு அந்த ராத்திரி கிடைத்திருக்காது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. காரைக்குடிப் பக்கத்து சிவசக்தி பெங்களூருவுக்கு ஆடுகிறார். சென்னைப் பையன் நந்தகுமார் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு ஆடி, மோகன் பகானுக்கு எதிரான கொல்கத்தா டெர்பியில் கோல் போடுகிறார். பார்க்கப் பெருமையாக இருக்கிறது, வயிறும் எரிகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் அரசுப் பள்ளி மைதானங்களில் சாயங்காலம் வந்து பாருங்கள். வெறுங்காலில் ஆடுகிற பிள்ளைகளில் இடது காலில் அபாரமாக அடிக்கிறவன் ஒருவனாவது இருப்பான். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், எங்கள் மாவட்ட விளையாட்டு மைதானத்தில் தேர்வு வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிவர, சாப்பாடு போட, கோடு போட நாங்கள் இருக்கிறோம். இன்னொரு டீமிடம் பேரம் பேசி வாங்குவதில் பத்தில் ஒரு பங்கு செலவுகூட ஆகாது.

நேற்று பஸ்ஸில் ஆம்பூர் தாண்டி, தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மகன் கேட்டான்: "அப்பா, அந்த கோல் போட்ட அண்ணன் அடுத்த வருஷமும் நம்ம டீம்தானே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஹோம் மேட்ச்சுக்கும் இருவரும் வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகன்,
மாங்கன்று நர்சரிக்காரன்,
சந்தூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.
31 ஜனவரி 2025