சாங்'இ ஏன் குடித்தாள்

அன்புள்ள கண்ணு,

தீபாவளிக்கு வந்தபோது நீ மறந்துவிட்டுப் போன 'டாட்டர் ஆஃப் த மூன் காடெஸ்' நாவலை நேற்று ராத்திரிதான் முடித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஆயிற்று. இளவரசனோடு வரும் காதலை வேகமாகப் புரட்டிவிட்டேன். கதாநாயகி ஷிங்யின் வில்லை எடுக்கும் இடமெல்லாம் நிதானமாகப் படித்தேன்.

அவள் அம்மா சாங்'இயை, சீனர்களின் நிலாத் தேவதையை, எனக்கு முன்பே தெரியும். 2019 ஜனவரியில் நிலாவின் மறுபக்கத்தில் சீனா இறக்கிய கலத்துக்கு அவள் பேர்தான். வகுப்பில் சொன்னேன். நம் நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள், அவர்கள் நிலாவில் முயல் மருந்து இடிக்கிறது என்றதும் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். வடை எங்கே, மருந்து எங்கே!

சாங்'இயின் பழைய கதை இதுதான்: பத்துச் சூரியன் ஒன்றாகக் கிளம்பி உலகம் வெந்துபோக, அவள் புருஷன் ஹௌ யீ ஒன்பதை அம்பெய்து வீழ்த்துகிறான். அவனுக்குச் சாகா மருந்து கிடைக்கிறது. பெண்டாட்டி அதைக் குடித்துவிட்டு நிலாவுக்குப் போய்விடுகிறாள். பழைய நூல்களில் அவள் திருடி. ஒன்றில் தேரையாகவே ஆகிவிடுகிறாள். பின்னால் வந்தவர்களுக்கு மனசு கேட்கவில்லை போல. புருஷனின் சீடன் மருந்தைப் பறிக்க வந்தான், வேறு வழியில்லாமல் குடித்தாள் என்றார்கள். இந்த நாவலை எழுதிய சூ லின் டான் அவளைப் பிள்ளைத்தாச்சியாக்கிவிட்டார். பிரசவத்தில் உயிர் தங்காது என்ற பயத்தில் குடிக்கிறாள்.

அங்கேதான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு நாலு வயசில் உன்னை அம்மாயியிடம் விட்டுவிட்டு ஊட்டிப் பக்கம் வேலைக்குப் போனேன் இல்லையா? இரண்டு வருஷம். வீட்டுக் கடனை அடைக்கத்தான் போனாள் என்று அம்மாயி உனக்குச் சொல்லி வளர்த்தார். ஊர் வாயை அடைக்கவும் அதுவே உதவியது. கடன் இருந்தது உண்மைதான். ஆனால் ஆர்டர் கையில் வந்த அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது கண்ணு. யாரையும் கேட்காமல் ஒரு அறை, ஒரு சாவி, என் சம்பளம். சனிக்கிழமை பஸ் ஏறி உன்னைப் பார்க்க வரும்போது அழுவேன். ஞாயிறு சாயங்காலம் திரும்பிப் போகும்போதும் அழுவேன். திங்கள் காலையில் அந்தக் குளிரில் பள்ளிக்கு நடக்கும்போது நன்றாகத்தான் இருக்கும்.

அதனால்தான் சாங்'இக்கு இவ்வளவு நல்ல காரணம் கொடுத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. பறந்து பார்க்க அவளுக்கும் கொஞ்சம் ஆசை இருந்திருக்கலாம். அப்படி இருந்தாலும் ராத்திரி ராத்திரி நிலா ஒளிர அந்த ஆயிரம் விளக்கையும் அவள் ஏற்றத்தான் செய்திருப்பாள்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்றில்லை. எழுதினால் படிப்பேன்.

நடுவில் ஒரு பக்கத்தில் ரசம் சிந்திவிட்டது, திட்டாதே. அடுத்த பாகம் இருக்கிறதாமே, பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா.

அம்மா