சுருங்குவது வேறு, வலிப்பது வேறு

அக்கா,

அம்மாவை இந்த மாதக் கடைசியில் கோவைக்குக் கூட்டி வந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய். ஏன் இங்கே, ஊரே பார்க்கும்படி என்று கேட்பாய். தனியாக எழுதியதற்கெல்லாம் ஒரு கட்டைவிரலைப் போட்டு முடித்துவிட்டாயே, அதனால்தான்.

சித்தப்பா வீட்டிலிருந்து யாராவது இதை எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவார்கள், தெரியும். எனவே பத்திர விஷயம் இங்கே வராது. போன தீபாவளிப் பேச்சும் வராது.

எழுத உட்கார்ந்தால் அந்த ஓ.பி. வராந்தாதான் வந்து நிற்கிறது. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த உன் கொலோனோஸ்கோப்பி நார்மல் என்று சொல்லிவிட்டு டாக்டர் சீட்டில் நோயின் பெயரை எழுதினார்: இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். பவல் என்றால் குடல், இரிட்டபிள் என்றால் சட்டென்று எரிச்சல்படுகிற. வெளியே வந்து அதைப் படித்ததும் நான் சிரித்துவிட்டேன். "பார்த்தியா, சிடுமூஞ்சின்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு." நீ ஒன்றும் சொல்லவில்லை. சீட்டை வாங்கி நான்காக மடித்தாய். மடிப்பின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு இழு இழுத்தாய். பர்ஸில் போட்டுக்கொண்டு, மருந்து வாங்கும் கவுன்ட்டர் எந்தப் பக்கம் என்று அட்டெண்டரிடம் கேட்டாய்.

அந்த வாரம் முழுக்க நான் வேறொரு நோயின் பெயரை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அது இல்லை என்றதும் வந்த சிரிப்பு அது. இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டாலும் சரி, சாக்கு என்று எடுத்துக்கொண்டாலும் சரி. ஆனால் மறுநாளே பெரியத்தை வரைக்கும் போன் போட்டு "தம்பி என்னைப் பைத்தியம்னு சொல்றான்" என்றாயே, அது நான் சொன்னது இல்லை அக்கா.

இப்போது ஒரு கல்லூரி உயிரியல் புத்தகத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் இரிட்டபிலிட்டி வருகிறது. பாடப்புத்தகத் தமிழில் 'உறுத்துணர்ச்சி'. உயிருள்ளது எது, இல்லாதது எது என்று பிரிக்கும் பட்டியலில், வளர்ச்சி, இனப்பெருக்கம் இவற்றோடு சேர்ந்து நிற்கிற குணம் அது. தொட்டாற்சுருங்கியைத் தொட்டால் இலை மடங்குகிறதே, அது. உன்னைச் சின்ன வயதில் வீடு முழுக்கத் தொட்டாற்சிணுங்கி என்று கூப்பிட்டதும் அதை வைத்துத்தான்.

அந்தச் சொல்லின் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனேன். லத்தீனில் கிளப்பிவிடுவது, சீண்டுவது என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்காரர்கள் அதை எடுத்து, தூண்டிவிடுவதற்கும் கடுப்பேற்றுவதற்கும் பயன்படுத்தினார்கள். அடுத்த நூற்றாண்டில் அதை உடம்புக்குள் ஒரு கோட்பாடாகவே கொண்டுபோனவர் பிரான்சிஸ் கிளிசன், கேம்பிரிட்ஜ் பேராசிரியர். கல்லீரலைப் பற்றி 1654இல் ஒரு நூல் போட்டார். பித்தப்பை ஏன் எப்போதும் ஒழுகிக்கொண்டே இல்லாமல் தேவைப்படும்போது மட்டும் பித்தத்தை வெளியே தள்ளுகிறது என்பது அவர் கேள்வி. அதைச் சீண்டினால் அது சுருங்குகிறது, அந்தத் திறன் அதற்கே உண்டு என்பது அவர் பதில். கோபத்தின் சொல் உடம்புக்குள் போய் முதலில் உட்கார்ந்த இடம் பித்தப்பை. நம் ஊர்ப் பாட்டிகள் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி இல்லை, ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் பற்றி. சுவிட்சர்லாந்துக்காரர், கவிஞரும்கூட. 1752இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அவர் ஒரு கட்டுரை படித்தார். 190 விலங்குகளை உயிரோடு அறுத்து, ஒவ்வொரு உறுப்பையும் கத்தி முனையால், சூட்டால், அமிலத்தால் தொட்டுப் பார்த்திருந்தார். தொட்டதும் உறுப்பு சுருங்கினால் அது இரிட்டபிள். விலங்கு துடித்து வலியைக் காட்டினால் அது சென்சிபிள், அதாவது உணர்வுள்ளது. இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் அவர் கண்டது. தசை சுருங்கும். நரம்பு உணரும், ஆனால் சுருங்காது. எல்லாவற்றிலும் அதிகம் இரிட்டபிளானது இதயம். வெட்டி எடுத்து வைத்த பிறகும் துடிக்கும். அந்தக் கொடுமை தனக்கே பிடிக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். எழுதினாரே தவிர, நிறுத்தவில்லை.

அப்புறம் அந்தச் சொல் கெட்டது. பாரிஸில் புரூசே என்ற மருத்துவர் எல்லா நோய்க்கும் வேர் இரிட்டேஷன்தான், அதுவும் குடலில்தான் என்று சாதித்தார். அவருக்குத் தெரிந்த மருந்து, ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சியைக் கடிக்கவிடுவதுதான். 1833இல் மட்டும் பிரான்ஸ் 4 கோடிக்கும் மேல் அட்டைகளை இறக்குமதி செய்தது. 1871இல் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போரில் நெஞ்சு படபடத்துத் திரும்பிய சிப்பாய்களைப் பற்றி எழுதினார். நெஞ்சைப் பார்த்தால் கோளாறு ஒன்றும் தெரியவில்லை. 'இரிட்டபிள் ஹார்ட்' என்று பெயர் வைத்தார். பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனால் ஆள் அவதிப்படுகிறார் என்றால் ஒட்டுவதற்கு ஒரு சீட்டு தயாராகிவிட்டது. உன் சீட்டும் அந்த வழியில் வந்ததுதான்.

1973இல் ரிச்சி என்பவர் ஒரு ஆய்வை வெளியிட்டார். குடலுக்குள் சின்ன பலூனை விட்டு ஊதினார். 60 மில்லி காற்றுக்கு, நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 6 பேருக்குத்தான் வலித்தது. இந்த நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேல் வலித்தது. ஹாலர் இருந்திருந்தால், நீங்கள் சீட்டில் தப்பான சொல்லை எழுதுகிறீர்கள் ஐயா, இது சென்சிபிள் என்று சண்டைக்கு வந்திருப்பார். இப்போது குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்புக் கோளாறு என்ற தலைப்பின் கீழ் இதைச் சேர்த்திருக்கிறார்கள். பழைய பெயரை மட்டும் எடுக்கவில்லை.

நீ பாத்திரத்தை டங்கென்று வைத்தது எங்களுக்குக் கேட்டது. அம்மாவை ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கிப் பாத்ரூமுக்குக் கொண்டுபோய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீ அங்கேயே உட்கார்ந்தது யாருக்கும் கேட்கவில்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் சுருங்கியதை மட்டும்தான்.

ஆனால் நீயும் சொல்லவில்லையே. ஒவ்வொரு முறை கேட்டபோதும் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீ உன் வேலையப் பாரு" என்றாய். வேலையைப் பார்த்தேன். அதற்கும் திட்டு வாங்கினேன். அம்மாவை நான் கூப்பிட்டபோதெல்லாம், உன் பெண்டாட்டியால் முடியாது என்று நீதான் தடுத்தாய். அவளும் இதைப் படிப்பாள், அதனால் இதற்கு மேல் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் வருகிறேன். அம்மாவின் பிரஷர் மாத்திரை காலையில் ஒன்றா இரண்டா, சர்க்கரைக்கு எது, அவளுக்கு ரசத்தில் புளி எவ்வளவு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வை. திட்டிக்கொண்டே எழுதினாலும் பரவாயில்லை. உன் ரிப்போர்ட்டுகளையும் எடுத்து வை. இங்கே ஒருவரிடம் காட்டலாம் என்றிருக்கிறேன். நீ வரமாட்டேன் என்பாய். வா.

தம்பி